பத்தியமும் மறுபத்தியமும்

நம் நாட்டு மருத்துவத்தில் பத்தியம் என்றொரு சொல் உண்டு. மருந்துண்ணும் நாட்களில் இன்னது உண்ணலாம், இன்னது உண்ணலாகாது என மருத்துவர் வகுக்கும் வரம்பே பத்தியம் எனப்படும். அதனோடு இணைந்து மறுபத்தியம் என்னும் மற்றொரு சொல்லும் வழங்குகிறது. மருந்து முடிந்ததும் நோயாளி ஒரே நாளில் பழைய உணவுக்குத் தாவிவிடலாகாது. சில நாட்கள் அளவோடு உண்டு, சிறிது சிறிதாகவே திரும்புதல் வேண்டும். அவ்வாறு திரும்புவதற்கு வகுத்த ஒழுங்கே மறுபத்தியம். பத்தியம் இன்னதென்று இன்றும் எல்லோரும் அறிவர். மறுபத்தியத்தைப் பலர் மறந்துவிட்டனர். முன்னதைக் கைக்கொண்டு பின்னதைக் கைவிட்டால் யாது நேரும் என்பதற்கு, கடலுக்கப்பால் நிகழ்ந்த ஒரு வரலாறு தக்க சான்றாக நிற்கிறது.

உடல் எடையைக் குறைப்பதற்காக உணவுக்குப் பதிலாகப் பருகும் பானங்களின் வரலாறே அது. இன்று மருந்துக் கடைகளிலும் பெரிய அங்காடிகளிலும் அழகிய டப்பாக்களில் இப்பானங்களுக்குரிய மாவு விற்கப்படுகிறது. நீரிலோ பாலிலோ கலந்து குலுக்கிக் குடிப்பதால் ‘ஷேக்’ என்று அதற்குப் பெயர். காலையில் ஒரு குவளை, நண்பகலில் ஒரு குவளை பருகினால் போதும், உடல் மெலிந்துவிடும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இது மெய்தானா? காசுக்கேற்ற பயன் உண்டா? கல்லூரி மாணவர் மாணவியர் பலர் இவ்வினாவை எழுப்புகின்றனர். உண்டு என்று அடித்துச் சொல்வாரும் உளர். எல்லாம் வெறும் ஏமாற்று என்பாரும் உளர். இவ்விரு சாராரும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பின், தத்தம் முடிவைத் திருத்திக்கொள்ள நேரும்.

பருத்த உடலை மெலியச் செய்யும் முயற்சி பெருவழக்காகப் பரவியது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில்தான். இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்றொருவர் வாழ்ந்தார். செல்வர் இல்லங்களின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் குடும்பத் தொழில். அறுபத்தைந்து வயதுக்கு மேல் அவர் எடை 202 பவுண்டு. அதாவது ஏறக்குறைய 92 கிலோகிராம். உயரமோ ஐந்தரை அடிக்கும் குறைவு. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலாது. மூட்டுகள் நோகும் என்று அஞ்சி, மாடிப்படியில் பின்புறமாகவே இறங்குவார். காது மந்தமாயிற்றே என்று வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றபோது, குற்றம் காதில் இல்லை, உடற்பருமனில் உள்ளது என்று அம்மருத்துவர் கண்டார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விலக்குமாறு பணித்தார். ஓராண்டளவில் பான்டிங் 46 பவுண்டு குறைந்தார். தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறுக என்று எண்ணி, 1863-ஆம் ஆண்டில் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு இலவசமாகவே வழங்கினார். அந்நூல் நாடெங்கும் பரவியது. அவர் பெயரே ஒரு வினைச்சொல்லாகவும் மாறியது. உணவைக் குறைத்து மெலிவதைக் குறிக்க சுவீடன் நாட்டு மக்கள் இன்றும் வழங்கும் சொல் அவர் பெயரிலிருந்து பிறந்ததேயாகும்.

பான்டிங் உணவின் வகையை எண்ணினார். அடுத்த தலைமுறை உணவின் அளவை எண்ணத் தலைப்பட்டது. 1890-ஆம் ஆண்டுகளில் வில்பர் அட்வாட்டர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, மனிதன் உள்ளே தங்கி உண்டு உறங்கக்கூடிய மூடிய அறை ஒன்றை அமைத்து, அவன் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பமே நாம் உணவைப் பற்றிப் பேசும்போது கூறும் ஒரு கலோரி. எந்த உணவில் எத்தனை கலோரி என்னும் பட்டியல்கள் அவர் உழைப்பால் எழுந்தன. 1918-ஆம் ஆண்டில் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் எழுதிய நூல், அக்கணக்கை இல்லத்தரசியரின் சமையலறைக்குள் கொண்டு சேர்த்தது. ஒரு துண்டு ரொட்டி என்று எண்ணாதீர்கள், இத்தனை கலோரி ரொட்டி என்று எண்ணுங்கள் என்பதே அவர் அறிவுரை.

அறிவுரை நன்றுதான். ஆயினும் நாள்தோறும் அதனைக் கடைப்பிடிப்பது எளிதன்று. ஒரு கரண்டிக் குழம்பில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்பதைக் கண்ணால் பார்த்துக் கூற எவரால் இயலும்? தாம் உண்டதைக் குறைத்தே மதிப்பிடுவது மனித இயல்பு. இக்கணக்கை நமக்காக வேறொருவர் போட்டுக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மக்கள் ஏங்கினர். அந்த ஏக்கத்திலிருந்துதான் மாற்றுணவுப் பானம் பிறந்தது.

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் எவன்ஸ்வில் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த மீட் ஜான்சன் என்னும் நிறுவனம் குழந்தை உணவுகளைச் செய்வதில் பெயர் பெற்றது. திட உணவு உண்ண இயலாத நோயாளிகளுக்கென்று சஸ்டாஜென் என்னும் சத்து மாவையும் அது செய்து வந்தது. நோயாளியைத் தேற்றுவதற்காகச் செய்த அம்மாவையே சற்று மாற்றி, அளவைக் குறைத்து, பருத்தவரை மெலியவைக்கப் பயன்படுத்தலாகாதா என்று அந்நிறுவனத்தார் எண்ணினர். 1959-ஆம் ஆண்டில் மெட்ரெகால் என்னும் பண்டம் விற்பனைக்கு வந்தது. அளவிட்ட கலோரி என்னும் பொருள்பட அமைத்த பெயர் அது. பால் மாவு, சோயா மாவு, சோள எண்ணெய் ஆகியவற்றோடு உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் அதில் கலந்திருந்தன. ஒரு நாளைக்குரிய மாவை நீரில் கரைத்து நான்கு குவளைகளாகப் பகுத்துப் பருக வேண்டும். குவளை ஒன்றுக்கு 225 கலோரி; நாள் ஒன்றுக்கு 900 கலோரி. 70 கிராம் புரதமும், 20 கிராம் கொழுப்பும், 110 கிராம் மாவுச்சத்தும் அதில் அடங்கியிருந்தன.

முதலில் மருத்துவர் வாயிலாகவே இப்பண்டம் அறிமுகமாயிற்று. ஆனால் விரைவிலேயே மருந்துக் கடையிலிருந்து மளிகைக் கடைக்கு அது இடம் பெயர்ந்தது. அலுவலகம் செல்வோர் நண்பகல் உணவுக்குப் பதிலாக மேசை மேல் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டனர். கரைக்கும் தொல்லையும் வேண்டா என்று, திரவமாகவே டப்பாவில் அடைத்து விற்றனர். பின்னர் பிஸ்கட்டாகவும் சூப்பாகவும் அது உருமாறியது. போட்டியாளர் பலர் தோன்றினர். பெட் மில்க் நிறுவனம் சீகோ என்னும் பானத்தைக் கொண்டு வந்தது. மெட்ரெகால் புகழ் உச்சத்திலிருந்த காலம் மிகவும் குறுகியது. சில ஆண்டுகளிலேயே பரபரப்பு அடங்கிற்று.

ஏன் அடங்கியது? பானம் பொய்த்துவிட்டதா? இல்லை. 900 கலோரி மட்டும் உட்கொண்டவர் மெலிந்தே தீர்வர். நான்கு வாரம் பருகியவர் நான்கு வாரமும் மெலிந்தார். ஆனால் ஒரே சுவையுடைய திரவத்தை எத்தனை நாள் பருகுவது? பற்களுக்கு வேலையில்லை, நாவுக்குப் புதுமையில்லை, குடும்பத்தார் உண்ணும்போது உடனமர்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் இல்லை. ஆகவே ஒரு நாள் டப்பாவை மூடி வைத்தனர். மூடிய மறுநாள் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதை அந்த டப்பா அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பழைய உணவு திரும்பியது. அதன் பின்னே பழைய எடையும் திரும்பியது. பத்தியம் இருந்தது, மறுபத்தியம் இல்லை.

இதனினும் கொடிய ஒரு படலம் 1970-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. 900 கலோரியால் மெலியலாமெனில், 300 அல்லது 400 கலோரியால் இன்னும் விரைவாக மெலியலாமன்றோ என்று சிலர் எண்ணினர். ராபர்ட் லின் என்னும் மருத்துவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்று இலட்சக்கணக்கில் விற்றது. திரவப் புரதத்தை மட்டுமே பருகி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வாழலாம் என்பது அதன் வழி. அத்திரவங்கள் பெரும்பாலும் எதனால் ஆனவை? கால்நடைகளின் தோல், தசைநார் முதலிய கழிவுகளிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. புரதம் என்னும் பெயர் ஒன்றே, தரம் ஒன்றன்று. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் கொலாஜனில் இல்லை. மேலும், இதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கு வேண்டிய பொட்டாசியம் முதலிய தாது உப்புகளும் பல பண்டங்களில் போதிய அளவு சேர்க்கப்படவில்லை.

விளைவு 1977-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இப்பானங்களையே உணவாகக் கொண்டிருந்தோர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி அமெரிக்க அரசின் சுகாதாரத் துறைகளை எட்டியது. அவர்களுள் சிலர், முன்னர் இதய நோய் இருந்ததாக அறியப்படாத இளம் பெண்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று மாண்டனர். உடல் தன் கொழுப்பை மட்டும் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் நம்பியிருந்தனர். அது தன் தசைகளையும் கரைத்துக்கொண்டிருந்தது. இத்துயருக்குப் பின்னரே அரசு எச்சரிக்கைகளை விடுத்தது. நல்ல புரதமும் போதிய தாது உப்புகளும் இன்றி எவரையும் திரவ உணவில் வைத்தலாகாது என்பதும், மிகக் குறைந்த கலோரி உணவுக்கு மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும் என்பதும் அன்று உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடங்கள்.

ஆயினும் பானங்களின் வாணிகம் ஓயவில்லை. 1977-ஆம் ஆண்டிலேயே டேனியல் ஆபிரகாம் என்னும் வணிகர் ஸ்லிம்ஃபாஸ்ட் என்னும் பானத்தைத் தொடங்கினார். காலையும் நண்பகலும் பானம், இரவில் அளவான உணவு என்பது அதன் முறை. முழுப் பட்டினியைவிட இது மிதமானது, ஆதலின் நிலைத்தது. 2000-ஆம் ஆண்டில் யூனிலீவர் நிறுவனம் அதனை 230 கோடி டாலருக்கு வாங்கியது என்பதிலிருந்து அவ்வாணிகத்தின் பருமனை நாம் உணரலாம்.

மருத்துவமனை வழியாகவும் ஒரு முயற்சி நடந்தது. ஆப்டிஃபாஸ்ட் என்னும் பானத்தை மருத்துவரின் மேற்பார்வையில் வழங்கினர். தொலைக்காட்சியால் புகழ் பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே அம்மையார் அதனைப் பருகி 67 பவுண்டு குறைந்தார். 1988 நவம்பரில், தாம் இழந்த அளவு கொழுப்பை ஒரு சிறு வண்டியில் வைத்து மேடைக்கு இழுத்து வந்து காட்டினார். நாடே வியந்தது. பலர் அப்பானத்தை நாடினர். ஆனால் சாதாரண உணவுக்குத் திரும்பியதுமே அவர் எடை ஏறத் தொடங்கிவிட்டது. அதனைப் பின்னாளில் அவரே ஒளிவுமறைவின்றி உலகுக்குக் கூறினார். செல்வமும் செல்வாக்கும் சமையற்காரரும் உடைய ஒருவருக்கே இந்நிலை எனின், இதனை மனவலிமைக் குறைவு என்று இகழ்தல் தகுமா?

தகாது என்று விஞ்ஞானம் விடை கூறுகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45 ஆண்டுகளில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனமொவ்வாத 36 இளைஞர் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தனர். எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். நாள் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணினர்; சமையல் நூல்களைப் படித்தனர். பட்டினி முடிந்து வயிறார உண்ட பின்னரும் பலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்கள் பருமனான மனிதர் அல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும், உணவு குறைந்தபோது உடல் எவ்வாறு எதிர்த்துப் போராடுகிறது என்பதை அந்த ஆராய்ச்சி காட்டிற்று.

1995-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக அறிஞர்கள் மேலும் நுட்பமான ஓர் உண்மையைக் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய கருவியும் ஒரு திரவ உணவே. உள்ளே செல்லும் கலோரியைத் துல்லியமாக அறிய அதனினும் சிறந்த வழி இல்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு எடை குறைந்தவரின் உடல், அந்தக் குறைவுக்கு ஏற்பச் செலவு குறைவதோடு நிற்பதில்லை; அதற்கும் மேலாகத் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வருவாய் குறைந்த குடும்பத் தலைவர் விளக்கைக்கூட அணைத்து வைப்பது போன்ற செயல் இது. பருமனானவர், ஒல்லியானவர் எனும் வேறுபாடின்றி இருவரிடத்தும் இதனைக் கண்டனர். ஆகவே, எடை குறைந்த நாளன்று போராட்டம் முடிவதில்லை. உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது.

இவ்வளவும் கேட்டபின், பானத்தால் பயனே இல்லை என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் என்னும் பேராசிரியர், இரண்டாம் வகை நீரிழிவுக்குக் கல்லீரலிலும் கணையத்திலும் சேரும் கொழுப்பு காரணமாகலாம் என்று கருதினார். 2011-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பதினொருவர் எட்டு வாரம் மாற்றுணவுப் பானமும் காய்கறியும் உண்டு நாளுக்கு 600 கலோரியில் இருந்தனர். அவர்தம் இரத்தச் சர்க்கரை ஒழுங்குற்றது. பின்னர் அவரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக் லீன் என்னும் பேராசிரியரும் சேர்ந்து, ஸ்காட்லாந்திலும் டைன்சைடு வட்டாரத்திலும் 306 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆராய்ச்சி ஒன்றை நடத்தினர். ஒரு பாதியினருக்கு வழக்கமான மருத்துவம். மறு பாதியினருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் பானங்கள் மட்டும்.

இந்த 850 என்னும் எண் 1959-ஆம் ஆண்டின் 900-க்கு மிக அருகில் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பானம் பெரிதும் மாறவில்லை. மாறியது அதனைச் சுற்றியிருந்த ஏற்பாடு. பானத்தை நிறுத்திய பின், இரண்டு முதல் எட்டு வாரங்களில் ஒவ்வொரு வேளையாகத் திட உணவைத் திரும்பக் கொண்டு வந்தனர். அதன் பின்னும் மாதந்தோறும் பயிற்சி பெற்ற செவிலியரோ உணவியலாரோ அவர்களைச் சந்தித்து வழிகாட்டினர். எடை மீண்டும் ஏறினால் சிறிது காலம் பானத்துக்குத் திரும்பவும் வழி வைத்தனர். அறிந்தோ அறியாமலோ அவர்கள் மறுபத்தியத்தை வகுத்துவிட்டனர்.

2017-ஆம் ஆண்டு டிசம்பரில் முதலாண்டின் முடிவு வெளியாயிற்று. பானம் பருகியவர்களுள் நூற்றுக்கு 46 பேருக்கு, நீரிழிவு மருந்து ஏதுமின்றியே இரத்தச் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. வழக்கமான மருத்துவம் பெற்றோரில் நூற்றுக்கு நால்வரே அந்நிலை எய்தினர். 15 கிலோகிராமுக்குக் குறையாமல் எடை இழந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 86 பேர் அந்நிலை எய்தினர். ஆயினும் காலம் செல்லச் செல்ல இவ்வெற்றி தேய்ந்தது. இரண்டாம் ஆண்டில் அது நூற்றுக்கு 36 ஆயிற்று. ஐந்தாம் ஆண்டில், தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 13 பேரே அந்நிலையில் இருந்தனர். எடையும் ஓரளவு திரும்பியது. எனினும் தொடக்கத்தைவிடச் சராசரியாக ஆறு கிலோகிராம் குறைவாகவே இருந்தது. வெற்றியும் அதன் எல்லையும் இவ்வெண்களில் ஒருங்கே தெரிகின்றன.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. நம் வீடுகளில் தந்தையோ தாயோ பாட்டனாரோ மாத்திரை உண்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே, இப்பானங்கள் பயனுடையனவா என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று.

வரலாறு கூறும் விடையைத் தொகுத்துக் காண்போம். கணக்கிடும் சுமையைப் பானம் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதுவே அதன் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகும். பருகும் வரை மெலிவு உறுதி. ஆனால் கணக்கைத் தானே வைத்துக்கொள்வதால், உண்ணும் அறிவை அது நமக்குத் தருவதில்லை. எடை குறைந்தே ஆகவேண்டிய நோயாளிக்கு, தக்க மருத்துவர் துணையோடு, திட உணவுக்குத் திரும்பும் வழியையும் முன்னரே வகுத்துக்கொண்டால், அது நல்ல கருவி. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்துண்பவர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்குவது ஆபத்து. உணவு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். விரைவாக எடை குறைவோருக்குப் பித்தப்பையில் கற்கள் தோன்றுவதும் உண்டு. வளரும் பருவத்தினரும் கருவுற்ற தாய்மாரும் தாமே முடிவு செய்து இவற்றை உணவாகக் கொள்ளலாகாது. ஒரு திருமணத்துக்கு முன்போ ஒரு விழாவுக்கு முன்போ சில கிலோகிராம் குறைய வேண்டும் என்பதற்காக வாங்கும் டப்பா, விழா முடிந்ததும் பயனற்றதாகிவிடும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுதலைப் பற்றியே அவர் மிகுதியாகப் பேசுகிறார். அளவை அறிய வேண்டியவர் உண்பவரே. அப்பொறுப்பைச் சில வாரங்களுக்கு ஒரு குவளையிடம் ஒப்படைக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒப்படைக்க இயலாது என்பதை இவ்வரலாறு நமக்குத் தெளிவாக்குகிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ நட்பிலோ ஒருவர் இத்தகைய டப்பாவை வாங்க முற்படுவாராயின், அவரைத் தடுக்கவும் வேண்டா, தூண்டவும் வேண்டா. ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இது தீர்ந்துபோன மறுநாள் காலை என்ன உண்பதாக எண்ணியிருக்கிறீர்கள்?” அதற்கு அவரிடம் விடை இருக்குமாயின் வாங்கட்டும். இல்லையெனில், அந்த விடையை முதலில் தேடட்டும். டப்பாவைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.